தொழிலும் தவமும்: ஸ்ரீமத் ராஜசந்திரர் வாழ்க்கை

ஆதிபகவனாகிய விருஷப தேவர் உலகோர்க்கு முதலில் உபதேசித்தது துறவறத்தை அன்று, தொழிலையே ஆகும். கற்பக மரங்கள் மறைந்து, மக்கள் பிழைக்கும் வகை அறியாது கலங்கி நின்றபோது, வாள், எழுத்து, உழவு, கல்வி, வாணிகம், சிற்பம் என்னும் ஆறு தொழில்களையும் அப்பெருமான் கற்பித்தருளினார். அதன் பின்னரே அரசு துறந்து, தவநெறியைத் தாமே நடந்து காட்டினார். ஒரே திருவாயிலிருந்து தொழிலும் வந்தது, தவமும் வந்தது.

ஆயினும் நம் உள்ளத்தில் இவ்விரண்டும் பகைகொண்டு நிற்கின்றன. கழனிக்கும் கடைக்கும் அலுவலகத்துக்கும் அடுக்களைக்கும் செல்லும் நாம், ஆன்ம சிந்தனை முனிவர்க்கே உரியது என்று ஒதுங்கி விடுகிறோம். அல்லது, பிள்ளைகளைப் படிக்க வைத்து, பெண்ணுக்கு மணம் முடித்து, பணி ஓய்வும் பெற்ற பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று நாள் குறித்து வைக்கிறோம். செய்யும் தொழிலே தெய்வம், வேறு தவம் எதற்கு என்று கூறி அமைதி கொள்வோரும் உண்டு.

இம்மூன்று எண்ணங்களுக்கும் தம் வாழ்வையே விடையாக வைத்துச் சென்றவர் ஸ்ரீமத் ராஜசந்திரர். அவர் முத்தும் வைரமும் விற்ற வணிகர். முப்பத்து மூன்று ஆண்டுகளே வாழ்ந்தவர். அண்ணல் காந்தியடிகள் தம் சத்திய சோதனையில் ஓர் அத்தியாயம் முழுவதையும் அவருக்கென ஒதுக்கியதால், அவர் பெயர் நம் தமிழ்நாட்டிலும் அறியப்பட்டதே. எனினும் காந்தியடிகளின் நண்பர் என்ற அளவோடு நாம் நின்று விடுவது அவருக்கும் நமக்கும் போதாது. அவர் வாழ்வைச் சற்று விரித்துக் காண்போம்.

இளமை

சௌராஷ்டிரத்தில் மோர்பிக்கு அருகே வவாணியா என்ற சிற்றூர் உள்ளது. அங்கே 1867 ஆம் ஆண்டு நவம்பரில், கார்த்திகைப் பௌர்ணமி நாளில், ரவ்ஜிபாய்க்கும் தேவபாய்க்கும் மகனாக அவர் பிறந்தார். முதலில் இட்ட பெயர் லட்சுமிநந்தன். பின்னர் ராய்சந்த் என்று மாற்றினர். பாட்டனார் கண்ணபிரானிடம் பேரன்பு பூண்டவர். தாயாரோ சமணக் குடியில் பிறந்தவர். ஆகவே இரு நெறிகளின் காற்றும் அவ்வீட்டில் வீசியது. சிறுவனாக இருந்தபோது வைணவக் கதைகளில் மகிழ்ந்தவர், சமணரின் பிரதிக்கிரமண நூலைப் படித்தபோது, எல்லா உயிர்களிடத்தும் நட்புப் பாராட்டி மன்னிப்புக் கோரும் அதன் கருத்தில் உள்ளம் தோய்ந்தார்.

ஏழாம் வயதில் ஒரு நிகழ்ச்சி அவரை உலுக்கியது. அவரிடம் அன்பு காட்டி வந்த அமீசந்த் என்பவர் பாம்பு தீண்டி இறந்தார். இறப்பு என்றால் என்ன என்று பாட்டனாரைக் கேட்ட சிறுவன், அவர் மழுப்பிய விடையில் நிறைவு கொள்ளாமல், ஒருவரும் அறியாது சுடுகாட்டின் அருகே சென்று, ஒரு மரத்தின் மேலேறிச் சிதை எரிவதைக் கண்டான். நேற்று வரை பேசிச் சிரித்த உடல் எரிகின்றது. அப்படியானால் சென்றது எது என்ற வினா அவனுள் எழுந்தது. அந்தச் சிந்தனையின் ஆழத்தில் முற்பிறவி நினைவு தோன்றியது என்று அவர் வரலாறு கூறும்.

பள்ளியில் ஏழு ஆண்டுப் பாடத்தை இரண்டே ஆண்டுகளில் முடித்தார். பதின்மூன்றாம் வயதில் தந்தையாரின் கடையில் அமர்ந்தார். கையெழுத்து அழகாக இருந்ததால், கட்ச் அரசரின் விடுதிக்கு எழுத்து வேலைக்காகவும் அவரை அழைத்ததுண்டு. அந்தக் கடையில் இருந்தபடியே நூல்கள் படித்தார், பாக்கள் இயற்றினார். ஆனால் தம் இளமையைப் பற்றிப் பின்னாளில் எழுதும்போது, இவற்றோடு சேர்த்து வேறொன்றையும் அவர் குறிப்பிடுகிறார். எவருக்கும் விலையைக் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை. எடையைக் கூட்டியோ குறைத்தோ நிறுத்ததில்லை என்பதே அது. கவிதை எழுதியதையும் தராசைப் பிடித்ததையும் ஒரே இடத்தில் ஒரே மதிப்போடு கூறியிருப்பதை நாம் நோக்க வேண்டும். திருடாமையாகிய அணுவிரதம் அவருக்கு ஜினாலயத்தில் தொடங்கவில்லை. தராசுத் தட்டில் தொடங்கியது.

பதினாறாம் வயதில் மோட்சமாலை என்னும் நூலை மூன்றே நாட்களில் எழுதி முடித்தார். செபமாலையின் மணிகளைப் போல நூற்றெட்டுப் பாடங்கள் கொண்டது அந்நூல். இளைஞர்கள் தாமே படித்து உணரும்படி எளிய நடையில் அமைந்தது.

புகழை உதறியது

அந்நாளில் அவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது அவதானக் கலை. ஒரே வேளையில் பல செய்திகளை மனத்திற் கொண்டு, ஒன்றும் பிறழாமல் திரும்பக் கூறும் அக்கலையில் தேர்ந்தவர்கள் நம் தமிழ்நாட்டிலும் இருந்தனர். 1887 ஜனவரி 22 ஆம் நாள் பம்பாயில் பிரம்ஜி காவஸ்ஜி நிலையத்தில் அவர் நூறு அவதானங்கள் நிகழ்த்தினார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. ஐரோப்பா சென்று இத்திறனைக் காட்டுமாறு அழைப்பும் வந்தது. அவர் செல்லவில்லை. சில காலத்திற்குள் அவதானம் நிகழ்த்துவதையே விட்டு விட்டார். ஆன்ம முன்னேற்றத்திற்கு உதவாத புகழ் அவருக்குத் தளையாகவே தோன்றிற்று.

இங்கே ஒரு வேறுபாட்டை நாம் காண வேண்டும். ஊரார் வியந்து பாராட்டிய அவதானத்தை அவர் விட்டார். எவரும் வியக்காத வாணிகத்தை ஏற்றார். 1888 இல் ஜபக்பாய் என்னும் நங்கையை மணந்தார். ஜபக்பாயின் சிறிய தந்தையார் ரேவாசங்கர் ஜகஜீவன் பெயரில் நடந்த நவரத்தின வாணிகத்தில் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பங்காளியாகச் சேர்ந்தார். காந்தியடிகள் பிற்காலத்தில் பம்பாயில் தங்கி வந்த மணி பவனம் இந்த ரேவாசங்கரின் இல்லமே. ராஜசந்திரருக்கு இரண்டு ஆண் மக்களும் இரண்டு பெண் மக்களும் பிறந்தனர். பெற்றோர், மனைவி, மக்கள், பங்காளிகள் என ஒரு முழு இல்லறத்தின் பாரம் இருபத்து மூன்று வயதுக்குள் அவர் தோளில் அமர்ந்தது.

கடையில் ஒரு நாட்குறிப்பு

1891 ஆம் ஆண்டு ஜூலையில் காந்தியடிகள் இங்கிலாந்தில் வழக்கறிஞர் பட்டம் பெற்றுப் பம்பாய் வந்து இறங்கினார். டாக்டர் பிராண்ஜீவன் மேத்தாவின் இல்லத்தில் ராஜசந்திரரைக் கண்டார். இருவருக்கும் ஏறத்தாழ இரண்டு வயதே வேறுபாடு. முதலில் இளைஞரான காந்தியடிகளைக் கவர்ந்தது அவருடைய நினைவாற்றலே. ஆனால் பழகப் பழக, அவரை ஆட்கொண்டது வேறொன்று.

இலட்சக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் நடந்த கடை அது. முத்தின் நீரோட்டத்தையும் வைரத்தின் தரத்தையும் கண்ட மாத்திரத்தில் மதிப்பிட வல்லவர் ராஜசந்திரர். எத்தகைய சிக்கலான வாணிக வழக்கையும் அவர் தீர்த்து வைப்பார். அத்தகையவரின் மேசை மீது எப்போதும் ஒரு சமய நூலும் ஒரு நாட்குறிப்பும் இருக்கும். ஒரு பேரம் முடிந்து வந்தவர் எழுந்து சென்றதும், அவர் கை அந்த நூலை விரிக்கும். அல்லது நாட்குறிப்பைத் திறந்து தோன்றிய கருத்தை எழுதும். இதைக் காந்தியடிகள் ஒரு முறை இரு முறை அன்று, பல முறை கண்டார். அவர் நிதானம் இழந்ததைக் கண்டதே இல்லை என்றும் பதிவு செய்திருக்கிறார். பேரம் நடக்கும்போது கவனம் முழுவதும் பேரத்தில். அது முடிந்த நொடியில் கவனம் ஆன்மாவில். பின்னர் வெளிவந்த அவருடைய நூல் தொகுதியில் இத்தகைய குறிப்புகள் பல இடம்பெற்றுள்ளன.

மாட்டை அவிழ்த்து விட்டால் அது தன் கொட்டிலை நாடிச் செல்லும். நம் மனம் எந்தக் கொட்டிலுக்கு உரியது என்பதும், கை வேலை ஓய்ந்த அந்தச் சிறு பொழுதில் தெரிந்து விடும். தொழில் செய்யும்போது மனம் தொழிலில் இருப்பது குற்றமன்று, இருக்கவே வேண்டும். தொழில் முடிந்த பிறகு அது எங்கே போய் நிற்கிறது என்பதே கேள்வி.

அவருடைய நேர்மையைப் பற்றி அன்பர்கள் வழிவழியாகக் கூறி வரும் செய்திகள் இரண்டு. ஒரு வணிகர் குறித்த நாளில் குறித்த விலைக்கு நவரத்தினங்கள் தருவதாக அவரிடம் எழுதிக் கொடுத்திருந்தார். இடையில் விலை பெரிதும் ஏறி விட்டது. சொன்ன விலைக்குக் கொடுத்தால் அவ்வணிகர் குடும்பமே அழியும் நிலை. ராஜசந்திரர் தாமே அவர் இருப்பிடம் சென்று, ஒப்பந்தச் சீட்டைக் கிழித்து, அவரை அச்சத்திலிருந்து விடுவித்தார் என்பர். மற்றொன்று, அரபு நாட்டு முத்து வணிகர் ஒருவருடையது. தமையனைக் கேளாமல் தம்பி முத்துகளை விற்று விட்டான்; தமையன் சினந்தான்; தம்பி கலங்கி வந்து நின்றான். வாங்கிய பொதியை அப்படியே திருப்பித் தந்து, வந்திருக்கக் கூடிய ஊதியத்தை ராஜசந்திரர் விட்டுக் கொடுத்தார் என்பர். இரண்டிலும் சட்டம் அவர் பக்கமே இருந்தது. ஆனால் பிறர் கண்ணீரில் விளையும் பொருளை அவர் பொருளாகக் கருதவில்லை.

காந்தியடிகள் நினைவு கூர்ந்த வேறொரு சிறு நிகழ்ச்சி எனக்கு இவற்றினும் பெரிதாகத் தோன்றுகிறது. தோல் பொருட்களைத் தவிர்ப்பது பற்றி இருவரும் உரையாடிக் கொண்டிருந்தனர். அப்போது ராஜசந்திரரின் தொப்பியிலேயே ஒரு தோல் துண்டு இருப்பதை இளைஞர் காந்தி கண்டு சுட்டிக் காட்டினார். அவர் அதை அதுவரை கவனித்திருக்கவில்லை. விவாதம் செய்யவில்லை, காரணம் கூறவில்லை, அப்போதே அத்தோலைப் பிய்த்து எறிந்தார். ஞானி என்று பலர் வணங்கத் தொடங்கிவிட்ட ஒருவர், இளையவர் ஒருவர் காட்டிய குறையை அந்த நொடியிலேயே திருத்திக் கொண்டார். அன்றாடப் பொருட்களில்தான் நம் அகிம்சை சோதிக்கப்படுகிறது. அச்சோதனையில் தவறாதவர் இலர். தவறு தெரிந்த பின் எவ்வளவு நேரம் எடுத்துக் கொள்கிறோம் என்பதில்தான் உயர்வு தாழ்வு.

தொழிலைப் போற்றினாரா?

இதுவரை படித்தவர்கள், தொழிலே தவம் என்று ராஜசந்திரர் கருதினார் போலும் என்று எண்ணக் கூடும். அன்று. இவ்விடத்தில் நாம் மயங்கி விடக் கூடாது.

அவர் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் எண்ணூறுக்கும் மேல் உள்ளன. பம்பாய் வாணிக வாழ்வு தமக்குப் பெருஞ்சுமை என்பதை அவற்றில் அவர் ஒளிக்காமல் எழுதினார். தொழிலைத் தெய்வமாக்கவில்லை, வினையின் உதயம் என்றே கொண்டார். முன் செய்த வினை கடனாக வந்து வாயிலில் நிற்கிறது. ஓடி ஒளிந்தால் கடன் தீராது. முகம் சுளித்துக் கொடுத்தால் புதுக்கடன் சேரும். விருப்பும் வெறுப்பும் இன்றி, ஏமாற்றாமல், விழிப்போடு செலுத்தினால் அது உதிர்ந்து போகும். ஒரே தொழில், செய்வோன் உள்ளத்திற்கு ஏற்ப, ஒருவனுக்கு வினையின் ஊற்றாகிறது. மற்றொருவனுக்கு வினையின் உதிர்ப்பாகிறது.

நம் ஆச்சாரியர்கள் இம்சையை நான்காகப் பகுத்ததும் இக்காரணம் பற்றியே. வேண்டுமென்றே உயிரைக் கொல்லும் சங்கற்ப இம்சையை இல்லறத்தார் முற்றிலும் விலக்க வேண்டும். சமையல் முதலிய வீட்டு வேலைகளில் நேர்வது, உழவு வாணிகம் முதலிய தொழில்களில் நேர்வது, தற்காப்பில் நேர்வது ஆகிய மூன்றையும் இயன்றவரை குறைக்க வேண்டும். தொழில் முற்றும் தூயது என்று நம் சமயம் ஒருபோதும் கூறவில்லை. அதனாலேயே, பிற சமய மடங்கள் சிலவற்றில் துறவிகள் உழுவதும் சமைப்பதும் போல, நம் முனிவர்கள் செய்வதில்லை.

அப்படியானால் முனிவர்க்கு வேலையே இல்லையா? உண்டு. நடக்கும்போது நான்கு முழம் முன்னே நோக்கி நடத்தல், அளந்து பேசுதல், குற்றமற்ற உணவைக் கொள்ளுதல், கமண்டலத்தையும் நூலையும் மயிற்பீலியால் துடைத்து எடுத்து வைத்தல், உயிரற்ற இடம் பார்த்துக் கழிவுகளை நீக்குதல் ஆகிய ஐந்து சமிதிகளும் என்ன? நடப்பது, பேசுவது, உண்பது, எடுப்பது, கழிப்பது என்று எல்லா மனிதரும் செய்யும் மிகச் சாதாரணமான செயல்கள் அல்லவா? அவற்றையே மகாவிரதத்திற்குத் துணையாக வகுத்தது நம் ஆகமம். முனிவரின் தவம் மலையுச்சியில் மட்டும் நிகழ்வதன்று. ஒரு நூலைக் கீழே வைக்கும் கையிலும் நிகழ்கிறது.

முனிவர் வணங்கிய இல்லறத்தார்

ராஜசந்திரர் ஆண்டுதோறும் சில காலம் பம்பாயை விட்டு, குஜராத்தின் சிற்றூர்களிலும் தோப்புகளிலும் தனித்திருப்பார். காம்பே என்னும் கம்பாத், ராலஜ், வடவா, நடியாத் போன்ற இடங்கள் அவருடைய தனிமைக்கு இடமளித்தன. அங்கும் அவரைத் தேடி அன்பர்கள் வந்தனர். அவர்களுள் குறிப்பிடத்தக்கவர் லல்லுஜி முனிவர். சுவேதாம்பரத் தானகவாசி மரபில் துறவு பூண்டவர். ராஜசந்திரரை விட வயதில் மூத்தவர். அவர் இருபத்து மூன்று வயது கூட நிரம்பாத நகை வணிகரின் காலில் விழுந்து வணங்கினார். முனிவர் இல்லறத்தாரை வணங்குவதா என்று எதிர்ப்பு எழுந்தது. அவ்வெதிர்ப்பை லல்லுஜியும் அவரைச் சேர்ந்த முனிவர்களும் தாங்க வேண்டியிருந்தது.

இந்த நிலையில் ராஜசந்திரர் நடந்து கொண்ட முறையே அவர் பெருமைக்குச் சான்று. துறவுக் கோலத்தை விட்டுத் தம்மோடு வாருங்கள் என்று அவர் அம்முனிவர்களை அழைக்கவில்லை. ஏற்ற விரதங்களையும் அன்றாட நியமங்களையும் வழுவாது காக்கும்படியே அறிவுறுத்தினார். தாம் இல்லறக் கோலத்தில் வாணிகம் செய்து கொண்டிருக்கும் வரை, பொதுமக்கள் கூட்டத்தில் அறவுரை ஆற்றுவதையும் தவிர்த்தார். உள்ளம் உயர்ந்திருந்தாலும், கோலத்தின் எல்லையை அவர் மீறவில்லை. பிறர் தம்மைப் பார்த்து, துறவு தேவையில்லை என்று தவறாக முடிவு கட்டி விடலாகாது என்ற கவலை அவருக்கு இருந்தது.

அவர் அன்பர்களுள் மற்றொருவர் சாயலா ஊரைச் சேர்ந்த சோபாக்பாய். ராஜசந்திரரை விட நாற்பது வயதுக்கு மேல் மூத்தவர். அவருக்குப் பொருள் நெருக்கடி இருந்தது. ஞானியின் அருளால் அது நீங்காதா என்ற ஆசையும் அவருக்குத் தோன்றியது. ராஜசந்திரர் அவரிடம் ஆழ்ந்த அன்பு கொண்டவர். ஆயினும் அந்த ஆசைக்கு இடம் கொடுக்கவில்லை. ஆன்ம நெறியைப் பிழைப்புக்குக் கருவியாக்கினால் நெறியே மங்கி விடும்; வந்த இடரைச் சமநிலையோடு ஏற்பதே அன்பருக்கு அழகு என்று பல கடிதங்களில் அவர் உணர்த்தினார். தொழிலுக்குள் அறம் வர வேண்டும். அறம் தொழிலாகக் கூடாது. இந்த வரம்பை நம் காலத்தவர் எத்தனை பேர் காக்கிறோம்?

1896 ஆம் ஆண்டு அக்டோபரில் நடியாத்தில் ஆத்ம சித்தி என்னும் நூல் பிறந்தது. ஆன்ம உண்மைகளை உரைநடையில் முன்பு எழுதியிருந்தார். மனப்பாடம் செய்ய எளிதாகச் செய்யுளில் வேண்டும் என்று விரும்பியவர் சோபாக்பாய். ஒரு மாலைப் பொழுதில் உலாவித் திரும்பிய ராஜசந்திரர் விளக்குக் கொண்டு வரச் சொல்லி எழுத அமர்ந்தார். கம்பாத் ஊர் அம்பாலால் என்னும் அன்பர் விளக்கை ஏந்தி அருகில் நின்றார். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் நூற்று நாற்பத்திரண்டு பாக்கள் முடிந்தன. ஆன்மா உண்டு, அது நித்தியமானது, அதுவே வினை செய்வது, அதுவே பயன் நுகர்வது, வீடுபேறு உண்டு, அதற்கு வழியும் உண்டு என்னும் ஆறு உண்மைகளை அந்நூல் குரு சீட வினாவிடையாக நிலைநாட்டுகிறது. அதன் தொடக்கத்தில் இரு வகையினருக்காக அவர் இரங்குகிறார். உள்ளம் திருந்தாமல் வெளிச் சடங்குகளிலேயே நின்று விடுவோர் ஒரு வகை. வாயால் ஞானம் பேசி நடத்தையில் வறண்டு நிற்போர் மற்றொரு வகை.

அந்நூலைப் படிக்கும்போதெல்லாம் விளக்கேந்தி நின்ற அம்பாலால்தான் என் நினைவில் வருகிறார். இரண்டு மணி நேரம் விளக்கைப் பிடித்து நிற்பது மிக எளிய பணி. அதை யாரும் செய்யலாம். ஆனால் அன்று அதை ஒருவர் செய்ய வேண்டியிருந்தது. ராஜசந்திரரின் கடிதங்களைப் பொறுமையாகப் படியெடுத்துத் தொகுத்தவரும் அவரே. அத்தொண்டும் இல்லாதிருந்தால், நாட்டின் பல மூலைகளுக்குப் போன அக்கடிதங்கள் ஒருங்கே நமக்குக் கிடைத்திருக்குமா?

காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் மத மாற்றத்திற்குத் தூண்டப்பட்டு மனம் குழம்பியிருந்த காலத்தில், 1894 இல், இருபத்தேழு வினாக்களை ராஜசந்திரருக்கு எழுதி அனுப்பினார். வாணிகப் பொறுப்புகளுக்கு இடையில் இருந்தபடியே ராஜசந்திரர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக விடை எழுதினார். அவ்விடைகள் காந்தியடிகளின் மனக்கலக்கத்தைத் தணித்தன. பின்னாளில் உலகம் போற்றிய அகிம்சை வீரரின் உள்ளத்தில் அன்று விதை ஊன்றியது ஒரு நகை வணிகரின் கடிதம்.

நம் மரபோடு உள்ள தொடர்பு

சுவேதாம்பரச் சூழலில் வளர்ந்தவரைப் பற்றித் திகம்பரராகிய நாம் ஏன் இவ்வளவு பேச வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். பொன்னூர் மலையில் தவம் செய்தவராக நாம் போற்றி, திருவடிகளை வணங்கி வருகிறோமே, அந்தக் குந்தகுந்தாச்சாரியாரின் நூல்களை ராஜசந்திரர் உளமார ஓதியவர். ஆச்சாரியரின் பஞ்சாஸ்திகாயத்தைக் குஜராத்தி மொழியில் பெயர்த்தவர். ஈடர் மலையில் ஏழு முனிவர்களை அருகிருத்தி, நேமிசந்திர ஆச்சாரியாரின் திரவிய சங்கிரகத்தை முழுவதும் விளக்கியவர். இரு மரபினரின் நூல்களையும் அச்சிட்டுப் பரப்பும் நோக்கோடு, வாழ்வின் இறுதிக் காலத்தில் பரமசுருதப் பிரபாவக மண்டலம் என்னும் அமைப்பு உருவாக வழி செய்தவர். அவர் பெயரால் அமைந்த நூல் வரிசையில்தான் 1935 இல் அறிஞர் ஆ. நே. உபாத்யே பதிப்பித்த குந்தகுந்தரின் பிரவசனசாரம் வெளிவந்தது. பம்பாயில் ஒரு கடையில் இருந்த விளக்கு, பொன்னூர் மலையின் சுடரிலிருந்து பற்றியதே.

இறுதி நாட்கள்

தொழிலைக் கடன் என்று கொண்டவர், கடன் தீர்ந்ததும் அதைப் பற்றிக் கொண்டு இருக்கவில்லை. 1899, 1900 ஆம் ஆண்டுகளில் வாணிகத்தினின்று விலகினார். பொருளையும் இல்லற இன்பத்தையும் துறந்தார். முழுத் துறவு மேற்கொள்ளத் தாயாரிடம் இசைவு வேண்டினார். தாயுள்ளம் உடனே இசையவில்லை. சிறிது காலம் பொறுக்குமாறு கேட்டது. அவரும் பொறுத்தார். ஆனால் உடல் பொறுக்கவில்லை. நோய் முற்றி உடல் எலும்புக் கூடாக மெலிந்தது. அக்காலத்தில் எடுத்த அவர் நிழற்படங்களைப் பார்த்தவர் மறக்க மாட்டார்கள். உடலில் தசை இல்லை, முகத்தில் கலக்கம் இல்லை.

1901 ஏப்ரல் 9 ஆம் நாள் ராஜ்கோட்டில் அவர் உடல் நீத்தார். தாயாரைக் கவனித்துக் கொள்ளும் பொறுப்பைத் தம்பி மன்சுக்கிடம் ஒப்படைத்து, ஆன்மாவில் ஒன்றி அமைதியாக உயிர் விட்டார். நாடிய முனிக்கோலம் இப்பிறவியில் அவருக்குக் கிட்டவில்லை. அவரை வணங்கிய லல்லுஜி முனிவர் பின்னர் லகுராஜ் சுவாமி என்று அறியப்பட்டார். அவரை மையமாகக் கொண்டு 1920 வாக்கில் அகாஸ் என்னும் ஊரில் ராஜசந்திரர் பெயரால் எழுந்த ஆசிரமம் இன்றும் விளங்குகிறது.

அடுக்களையும் ஓர் ஆலயம்

ராஜசந்திரரைப் பற்றிய நூல்களில் அவர் மனைவி ஜபக்பாயைப் பற்றிக் காணும் வரிகள் மிகச் சிலவே. கணவர் பம்பாயிலும் தோப்புகளிலும் இருந்த காலத்தில் நான்கு மக்களோடு அந்த இல்லறத்தைச் சுமந்தவர்களுள் அவரும் ஒருவர் என்பதை நாம் மறக்கலாகாது. நம் வீடுகளிலும் அப்படியே. தண்ணீரைத் துணியில் வடிகட்டுவதும், அரிசி பருப்பைப் புழு பூச்சி பார்த்து ஆய்வதும், விறகைத் தட்டிப் பார்த்து அடுப்பில் வைப்பதும், பொழுது சாயுமுன் அனைவருக்கும் உணவிட்டு முடிப்பதும் நம் பாட்டிமார் செய்து வந்த பணிகள். அவர்களுள் பலர் நூல் கற்றவர் அல்லர். ஆனால் முனிவர் மயிற்பீலியால் செய்ததை அவர்கள் முறத்தால் செய்தனர். விறகு அடுப்பு இன்று எரிவாயு அடுப்பாக மாறி விட்டது; ஏற்றுமுன் ஒரு கணம் நோக்க வேண்டும் என்ற கடமை மாறவில்லை.

நான் பல்லாண்டு பள்ளி ஆசிரியையாகப் பணி செய்து ஓய்வு பெற்றவள். கடைசி மணி அடித்து வெளியே வந்த பிறகு நூல்களும் தியானமும் என்று எண்ணியிருந்தேன். நேரம் கிடைத்தது, மனம் கிடைக்கவில்லை. அது பழகிய கொட்டிலுக்கே, வீட்டுக் கணக்கிற்கும் ஊர்ப் பேச்சிற்கும் போய் நின்றது. ஓய்வு நேரத்தில் வைத்துப் பழக்காத மனம் ஓய்வுக் காலத்தில் வந்து சேராது என்பதை எழுபதைக் கடந்த பின் கற்றுக் கொண்டிருக்கிறேன். ராஜசந்திரர் ஓய்வுக் காலம் வரட்டும் என்று காத்திருந்தால், முப்பத்து மூன்று வயதில் முடிந்த அவ்வாழ்வில் என்ன எஞ்சியிருக்கும்?

ஆகவே இளம் தாய்மார்களையும் இளைஞர்களையும் நான் வேண்டுவது ஒன்றே. தொழிலை விட்டு விடாதீர்கள்; தொழிலையே எல்லாம் என்றும் இருந்து விடாதீர்கள். எடுத்த வேலையைப் பிறர்க்குத் தீங்கின்றி, கூட்டாமல் குறைக்காமல் செய்யுங்கள். அது முடிந்து அடுத்த வேலை தொடங்குமுன் கிடைக்கும் அந்தச் சிறு இடைவெளியில் ஒரு முறை பஞ்ச நமஸ்காரத்தை நினையுங்கள். ஒரு பக்கம் நல்ல நூல் படியுங்கள். மேசை மீதோ அடுக்களை மாடத்திலோ ஒரு நூல் எப்போதும் இருக்கட்டும். கை ஓயும்போது மனம் செல்ல ஓர் இடம் அதற்குத் தெரிந்திருக்கட்டும்.

ஆறு தொழிலையும் தந்து, அறுதியில் தவத்தையும் காட்டிய ஆதிபகவன் திருவடிகள் நம் அனைவரையும் காக்க! அறம் வளர்க!